தராசு மரம்

மரம் அசையாமல் நின்றது.

ஒரு தலையில் காத்தவராயன், மறு தலையில் மூர்த்தி. நடுவில் காத்தவராயன் வீட்டு உரலைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் பழைய கட்டுமரத்துக் கட்டை ஒன்றைக் குறுக்கே வைத்திருந்தார்கள். வாரம் ஒரு தடவை, வலை காயப் போடுகிற நாளில் நடக்கிற வேடிக்கை அது. குப்பத்துப் பிள்ளைகள் அதற்குத் தராசு மரம் என்று பெயரே வைத்துவிட்டார்கள். இத்தனை நாளும் மூர்த்தியின் பக்கம்தான் மணலில் போய் முட்டும். காத்தவராயன் மேலே காலை ஆட்டிக்கொண்டு, ஊரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இன்றைக்கு இரண்டு தலையும் ஒரே மட்டம்.

கருவாடு விற்கிற செங்கம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அடங்கப்பா! தொந்தி போன எடமே தெரிலயே! வச்சலா, உன் புருசன கட்டிப் போட்டு வையிடி. வாடக் காத்து அடிச்சா பறந்துடுவான், சொல்ட்டேன்."

சனம் கொல்லென்று சிரித்தது. மூர்த்திக்கு அந்தச் சிரிப்பு பாயசம் மாதிரி இனித்தது. காத்தவராயன் பொத்தென்று கீழே குதிக்க, மூர்த்தி தலை குப்புற மணலில் விழுந்து எழுந்தான்.

"சரி மாப்ள. நாளைக்கு வெடியக்காலம் வந்து கட்டுமரத்துல பின்தலைல குந்து" என்றான் காத்தவராயன்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இவ்வளவு பாடும்.

அன்றைக்கு வச்சலா சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தாள். தட்டைப் போட்டு, கொட்டாங்கச்சி அகப்பையால் சோற்றை அள்ளினவள், கை அந்தரத்தில் நிற்க அப்படியே நின்றுவிட்டாள்.

"யோவ், இப்ப எவ்ளோ போடணும்?"

மூர்த்தி அவளைப் பார்த்தான். சோற்றைப் பார்த்தான். அதை அவன் யோசிக்கவே இல்லை. எடையை இறக்குகிற வரைக்கும் கணக்கு சுலபமாக இருந்தது. பசிக்கிறதா, பேசாமல் படு. வாசனை வருகிறதா, எழுந்து கடற்கரைப் பக்கம் போ. ஆனால் இறக்கியாயிற்று. இனிமேல் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது, நின்ற இடத்தில் நிற்க வேண்டும். அதற்கு எவ்வளவு தின்ன வேண்டும் என்று குப்பத்தில் யாருக்குத் தெரியும்? குப்பத்தில் இருந்தவர்கள் எல்லாம் இருந்தால் தின்றார்கள், இல்லாவிட்டால் சும்மா இருந்தார்கள். அளந்து தின்ன வேண்டிய நிலைமை வந்த முதல் ஆள் இவன்தான்.

"மொதல்ல எவ்ளோ தின்னுகினு இருந்தேனோ அவ்ளோ போடு" என்றான்.

"மொதல்லன்னா? கேன்டீனுக்கு மின்னாலயா, கேன்டீன்லயா?"

மூர்த்திக்கு நாக்கில் நீர் ஊறியது. கேன்டீன் என்ற பேச்சு வந்தாலே அப்படித்தான்.

எழுபதுகளின் ஆரம்பம் அது. கல்பாக்கத்தில் அணு மின்சாரக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குச் சோறு போட ஒரு மேஸ்திரி கீற்றுக் கொட்டகையில் கேன்டீன் நடத்தினார். சதுரங்கப்பட்டினத்துக் குப்பத்தில் காத்தவராயனோடு கட்டுமரம் ஏறிக்கொண்டிருந்த மூர்த்தி, அலையோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய் அங்கே எடுபிடியாகச் சேர்ந்தான். கரண்டி பிடித்தான். மூன்று வருஷம். காலையில் பூரி, உருளைக்கிழங்கு. மத்தியானம் சாம்பார், ரசம், மோர், அப்பளம். வடக்கத்தி என்ஜினியர்களுக்கு நெய் தடவின ரொட்டி. மீந்தது எல்லாம் எடுபிடிகளுக்கு. அதிலும் சேமியாப் பாயசச் சட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிற பழுப்புக் காந்தலைச் சுரண்டித் தின்கிற சுகம் இருக்கிறதே, அதை மூர்த்தி சாகிற வரைக்கும் மறக்கப் போவதில்லை. எத்தனையோ வருஷம் கழித்தும், பேரப்பிள்ளைகள் பாயசம் குடிக்கிறபோது அவன் கண் சட்டியின் அடிக்குத்தான் போகும்.

மேஸ்திரியின் வேலை முடிந்தது, கொட்டகையைப் பிரித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போனார். மூர்த்தி ஒரு தொந்தியைச் சம்பாதித்துக்கொண்டு குப்பத்துக்குத் திரும்பி வந்தான்.

காத்தவராயன் வச்சலாவுக்குக் கூடப் பிறந்த அண்ணன். கட்டுமரம் அவனுடையது. இரண்டே பேர் ஏறுகிற சின்ன மரம். பழைய நாளில் இருவரும் ஒரே எடை. ஒருத்தன் சட்டையை ஒருத்தன் போட்டுக்கொள்வான். முன்தலையான அணியத்தில் மச்சான், பின்தலையில் மூர்த்தி. மரம் அலையில் ஏறி இறங்குவது ஊஞ்சல் மாதிரி இருக்கும். தொந்தியோடு திரும்பி வந்து ஏறின முதல் நாளே, அலை உடைகிற இடத்தில் பின்தலை அமுங்கி, அணியம் வானத்தைப் பார்த்தது. அடுத்த அலை மரத்தைத் தோசை திருப்புகிற மாதிரி திருப்பிப் போட்டது. வலை போயிற்று. காத்தவராயன் கரையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று சொன்னான்:

"மாப்ள, நீ என் தங்கச்சி புருசன். அதுக்காவ நான் சாவ முடியாது. பழைய மாதிரி என் எடைக்கு வா. அது வரைக்கும் மரத்துக்கு சீனு வரட்டும். நீ எடைக்கு வந்தா எடம் உனுது. இல்லினா சீனுக்குத்தான்."

சீனு பக்கத்து வீட்டுக்காரன். கொடி மாதிரி ஒல்லி. பின்தலையில் உட்கார எப்போது இடம் கிடைக்கும் என்று காத்துக்கொண்டிருந்தவன். மூர்த்திக்கு மரமும் இல்லை, வேறு தொழிலும் தெரியாது. அந்த இடம் போனால் கட்டட வேலையில் ஜல்லி சுமக்க வேண்டியதுதான். அதனால்தான் பட்டினி. அதனால்தான் தராசு மரம். எடை பார்க்க குப்பத்தில் மிஷினா இருந்தது? மச்சான்தான் எடைக்கல்.

"கேன்டீனுக்கு மின்னால தின்ன மாதிரி போடு" என்றான் மூர்த்தி கடைசியில்.

வச்சலா போட்டாள். அவன் தின்றான். அப்பாடா, அந்தச் சோறு! ஒவ்வொரு பருக்கையும் பேசியது.

முதல் வாரம் கடலுக்கு நன்றாகத்தான் போய் வந்தார்கள். வலை காயுகிற நாளில் தராசு மரத்தில் ஏறினால், மூர்த்தியின் பக்கம் லேசாக இறங்கியது.

"ஏறிட்ட மாப்ள" என்றான் காத்தவராயன் மேலே இருந்து. தலையோடு தாடையைச் சேர்த்துத் துண்டு கட்டியிருந்தான். காதில் காற்று போகிறதாம்.

"ஒரு வாரம் சோறு கண்டான் இல்ல, அதான்" என்று செங்கம்மாள் தீர்ப்புச் சொன்னாள்.

வச்சலா ஒரு அகப்பையைக் குறைத்தாள். அடுத்த வாரம் மூர்த்தியின் பக்கம் இன்னும் கொஞ்சம் இறங்கியது. காலைக் கூழில் பாதியை நிறுத்தினாள். அப்புறமும் இறங்கியது. ராத்திரிச் சோற்றை இரண்டு கைப்பிடி ஆக்கினாள். அப்புறமும் மரம் மூர்த்தியைக் கீழே தள்ளி, மச்சானை மேலே தூக்கிக் காட்டியது.

"இன்னும் ரெண்டு வாரம் பாப்பேன் மாப்ள. அப்புறம் எம்மேல வருத்தப்படாத" என்றான் காத்தவராயன். வழக்கமாக வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு நாலு வார்த்தை கேலி பேசுகிறவன், இப்போது வெற்றிலையும் போடுவதில்லை, பேச்சையும் வெட்டி வெட்டித்தான் பேசினான். கோபம் என்று மூர்த்தி நினைத்துக்கொண்டான்.

வீட்டில் சண்டை வந்தது.

"தோ பார், உண்மைய சொல்லிடு. நீ டீக்கடைல பன்னு துன்ற" என்றாள் வச்சலா.

"யாரு? நானா? நீதான் கொழம்புக்கு அடில சோத்த ஒளிச்சி வெச்சி போடுற. பாவம், புருசன் எளைச்சிட்டான்னு."

"எங்கையி மேலயே சந்தேகமா உனுக்கு?" அவள் அகப்பையைத் தூக்கி அவன் முன்னால் போட்டாள். "இந்தா. நீயே போட்டுத் துன்னு. இனிமே நான் போட மாட்டேன்."

அன்றைக்கு அவன் தானே போட்டுக்கொண்டான். அவள் போட்டதைவிடக் குறைவாகவே போட்டுக்கொண்டான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, ஓரக்கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து, அவன் வாயை முகர்ந்து பார்த்தாள்.

"பன்னு வாசன இல்ல" என்றாள்.

"அதான் சொன்னேனே."

"அப்புறம் எப்டிய்யா ஏறுது?"

இரண்டு பேருமே விழித்தார்கள். அந்த வயதில் அவர்களுக்குச் சண்டை போடவும் தெரியும், சேர்ந்து முழிக்கவும் தெரியும். பிற்காலத்தில் வயிறு நிறையச் சோறு வந்தபிறகு, ஏனோ அப்படிச் சேர்ந்து முழிக்கிற சந்தர்ப்பமே வாய்க்கவில்லை. மூர்த்தி அதைத்தான் நினைத்து நினைத்து ஏங்குவான். பட்டினியை அல்ல, தட்டுக்கு இந்தப் பக்கம் அவனும் அந்தப் பக்கம் அவளும் உட்கார்ந்து, ஒரு அகப்பைச் சோற்றுக்கு யோசனை பண்ணின அந்தப் பொழுதை.

ஐப்பசி பிறந்தது. மழைக்கு நடுவில் ஒருநாள் வானம் வெறித்தபோது மரத்தை இறக்கினார்கள். போகும்போது எப்படியோ போய்விட்டார்கள். வலையில் கானாங்கெளுத்தி நன்றாகவே விழுந்திருந்தது. ஆனால் வலையை இழுக்க மூர்த்தியின் கை ஒத்துழைக்கவில்லை. இழுத்தால் கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. மச்சானைப் பார்த்தால் அவனும் இழுத்து இழுத்து நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். பாதி வலையிலேயே போதும் என்று திரும்பினார்கள். கரைக்கு வந்து மரத்தின் கட்டுகளை அவிழ்த்து, நடுக்கட்டையை ஆளுக்கொரு பக்கம் தோளில் வைத்தார்கள். எழுந்திருக்க முடியவில்லை. மறுபடி முயன்றார்கள். கட்டை இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்துவிட்டது. அப்படியே ஈர மணலில் குந்திவிட்டார்கள். அலை வந்து இடுப்பை நனைத்துவிட்டுப் போனது.

மீன் எடுக்கக் கூடையோடு வந்தாள் காத்தவராயன் பெண்சாதி ஆதியம்மாள். பின்னால் வச்சலா, அவள் பின்னால் செங்கம்மாள்.

"இன்னாய்யா இது, எழவு வூட்ல குந்தினு கீற மாதிரி ரெண்டு பேரும் குந்தினு கீறீங்கோ?"

"மாப்ளைக்குத் தெம்பு இல்ல" என்றான் காத்தவராயன் துண்டுக்குள்ளிருந்து.

ஆதியம்மாளுக்கு வந்ததே ஆத்திரம். கூடையைக் கீழே போட்டாள்.

"அவுருக்குத் தெம்பு இல்லியா? உனுக்கு கீதா? ரெண்டு மாசமா கூழ தண்ணியா கரைச்சி ஒரு பக்கமா ஊத்திகினு, ராவெல்லாம் தாடைய புடிச்சிகினு முனகிகினு கீறது யாரு? சொல்லாத சொல்லாதன்னு என் வாயையும் கட்டிப் போட்டுட்ட. இனிமே எனுக்குத் தாங்காது, ஆமா!"

சொல்லிக்கொண்டே துண்டைப் பிடித்து இழுத்தாள். காத்தவராயனின் வலது கன்னம் ஒரு பணியாரம் அளவுக்கு வீங்கியிருந்தது.

"பல்லா அண்ணாத்த?" என்றாள் வச்சலா.

"கடவாப் பல்லு" என்றாள் ஆதியம்மாள். "பிடுங்கணும்னா பயம். சொறாவ கையால புடிச்சி இழுத்துகினு வர்ற ஆளு, கொறட்டப் பாத்தா ஓடுது."

மூர்த்தி மச்சானைப் பார்த்தான். முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தான். துண்டு இல்லாமல் பார்த்தால் கழுத்து எலும்பு குழி விழுந்து கிடந்தது. விலா ஒவ்வொன்றாக எண்ணலாம் போல் இருந்தது. மூர்த்தி மெல்ல ஒரு கையைத் தூக்கினான், இன்னொரு கையைத் தாழ்த்தினான்.

"மச்சான். நீ எளைச்சா உன் பக்கம் மேல போவும். இல்ல?"

காத்தவராயன் துண்டை எடுத்துக் கன்னத்தை மறைத்துக்கொண்டான்.

"உன் பக்கம் மேல போனா எம்பக்கம் கீழ வரும். வந்துச்சா? வந்தவுடனே நான் ஏறிட்டேன்னு இவ ஒரு அகப்பைய கொறைப்பா. நான் எளைப்பேன். அதுக்குள்ள நீ இன்னும் எளைச்சிருப்ப. நான் மறுபடியும் கீழ..." அவன் மணலைக் குத்தினான். "டேய், உன் பல்லு நோவுக்கு நானாடா பட்டினி கெடந்தேன்?"

மச்சானை அவன் 'டா' போட்டது அன்றைக்குத்தான். செங்கம்மாள் ஒரு கணம் வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. மணலிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆதியம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வச்சலா மட்டும் சிரிக்கவில்லை. அவள் புருஷனின் புறங்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரையில் நின்ற மற்ற ஆட்கள் மரக்கட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய் மேட்டில் போட்டார்கள்.

மறுநாள் காத்தவராயனை இழுத்துக்கொண்டு மூர்த்தி பஸ் ஏறினான். இழுத்துக்கொண்டு என்றால் நிஜமாகவே கையைப் பிடித்துத்தான். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது மச்சான் இறங்கி ஓடப் பார்த்தான். செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கிறபோது, "எனுக்கு இப்ப நோவு இல்ல மாப்ள, நெஜமா" என்றான். உள்ளே போனான். அவன் போட்ட சத்தத்துக்கு வரிசையில் நின்ற இரண்டு பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வாயில் பஞ்சோடு வெளியே வந்து, பல்லைக் காகிதத்தில் மடித்துக் காட்டினான். சோழி அளவு இருந்தது.

"இதுவா மச்சான் நம்ம ரெண்டு பேரையும் உருக்கிச்சி?" என்றான் மூர்த்தி.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ரயில் ஸ்டேஷனில் எடை பார்க்கிற மிஷின் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். போனார்கள். சிவப்பு விளக்கு மினுக்க, கண்ணாடிக்குள் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு காசு போட்டு ஏறி நின்றார்கள். கட்டக் என்று அட்டை விழுந்தது. இரண்டு பேருக்கும் படிக்கத் தெரியாது. பெஞ்சில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஐயாவிடம் நீட்டினார்கள். அவர் மூர்த்தியைக் காட்டிக் காத்தவராயனிடம் சொன்னார்:

"இவருக்கு நாப்பத்தொம்பது கிலோ. உங்களுக்கு நாப்பத்தெட்டு. பின்னாடி ஜோசியம் இருக்கு, படிக்கவா?"

"படிங்க சாமி" என்றான் காத்தவராயன் பஞ்சுக்குள்ளிருந்து.

"'உங்கள் செல்வாக்கு பெருகும்.'"

"செல்வாக்கு கெடக்கட்டும். ஒடம்பு பெருகுமான்னு போட்டு கீதா பாருங்கோ."

ஐயா சிரித்தார். மூர்த்தி சிரிக்கவில்லை. அவனுக்குக் கேன்டீனில் சேர்ந்த முதல் நாள் ஞாபகம் வந்துவிட்டது. அரிசி மூட்டை நிறுக்கிற தராசில் ஸ்டோர்காரர் அவனை விளையாட்டாக ஏற்றி நிறுத்தினார். "ஐம்பத்தெட்டு! அரை மூட்டைக்குக் கொஞ்சம் மேல!" என்று கத்தினார். கடலில் இருந்து நேராக வந்து நின்ற எடை அது. இரண்டு பேரும் ஜோடியாக அலை ஏறின காலத்து எடை. அதை அவன் மச்சானிடம் சொன்னான்.

"எனுக்கு ஒருநாள் தோணுச்சி மாப்ள. நான்தான் மேல போறேனோன்னு" என்றான் காத்தவராயன். "ஆனா சொன்னா பல்லு வெளிய வரும். அதான் முழுங்கிட்டேன்."

"எடம்?" என்று கேட்டான் மூர்த்தி. அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"தெம்பு வரட்டும். ரெண்டு பேருக்கும் வரட்டும். அப்ப மரம் சொல்லும். நான் சொல்ல மாட்டேன், என் வாயி கெட்ட வாயி" என்றான் மச்சான். அப்புறம் ஓட்டலில் இட்லியைச் சாம்பாரில் ஊற வைத்துப் பஞ்சு மாதிரி விழுங்கினான். மூர்த்தியும் தின்றான். எத்தனை என்று இருவரும் எண்ணவில்லை.

குப்பத்துக்கு வந்ததும் வச்சலாதான் பேச்சை எடுத்தாள்.

"இனிமே அண்ணாத்தய எடைக்கல்லா வெக்க வாணாம். துன்னாத பொருளா ஒண்ணு வெய்யி."

"மணலு?" என்றான் மூர்த்தி.

"மழைல நனைஞ்சா கனக்கும். கல்லு வெய்யி. கல்லுக்குப் பல்லு நோவாது."

சதுரங்கப்பட்டினத்து அரிசி மண்டியில் கெஞ்சிக் கூத்தாடி, கருங்கல்லை ஐம்பத்தெட்டு கிலோவுக்கு நிறுத்துச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார்கள். தராசு மரத்தின் ஒரு தலையில் சாக்கு, மறு தலையில் மூர்த்தி. முதல் நாள் அவன் கொக்கு மாதிரி மேலே போனான். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அப்புறம்தான் வச்சலாவின் கணக்கு தொடங்கியது. அவள் அள்ளிப் போட்டாள். மார்கழி நடுவில் சாக்கும் அவனும் சமமாக நின்றார்கள். இனி நிறுத்த வேண்டும். அவள் அவசரப்படவில்லை. ஒரு வாரம் சாக்கு மேலே போனால், "இருய்யா, அடுத்த வாரமும் பாக்கலாம்" என்பாள். இரண்டு வாரமும் போனால்தான் அகப்பையில் கை வைப்பாள். ஆள் குறைகிற பெரிய மரங்களில் மூர்த்தி அவ்வப்போது கூலிக்குப் போய் வந்துகொண்டிருந்தான். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் ஒரு விஷயம் பிடிபட்டது. கடலுக்குப் போகிற நாளின் வயிறு வேறு, வலை பின்னிக்கொண்டு கரையில் குந்துகிற நாளின் வயிறு வேறு. இரண்டுக்கும் ஒரே சோறு போட்டால் கணக்கு எப்போதும் உதைக்கும். கடல் நாளில் காலையில் கெட்டிக் கூழ், வந்ததும் களி, ராத்திரி மூணு அகப்பைச் சோறு. கரை நாளில் கூழ் நீர்க்க, ராத்திரி ரெண்டு அகப்பை. மழை அடித்து நாள்கணக்கில் உட்கார்ந்தால் அதிலும் அரை குறையும். இப்படி வைத்தும் சாக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது. வச்சலா இரண்டு நாள் வேவு பார்த்தாள். மூன்றாம் நாள் சட்டி கழுவுகிற இடத்தில் அவனைக் கையும் களவுமாகப் பிடித்தாள்.

"இன்னா பண்ற?"

"சட்டி கழுவித் தரேன்."

"கையில இன்னா?"

"காந்தல்."

"தினமுமா?"

கேன்டீன் பழக்கம். அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டித் தின்பதை அவன் சாப்பாட்டில் சேர்க்கவே இல்லை. அது சட்டியைச் சுத்தம் பண்ணுவது என்றுதான் நிஜமாகவே நினைத்திருந்தான். வச்சலா அந்தக் காந்தலை அகப்பையில் போட்டு அளந்து காட்டினாள். முழுசாக ஒரு அகப்பை.

"காந்தல் வேணுமா, சோறு வேணுமா? எதுவோ ஒண்ணு சொல்லு."

"பாதி காந்தல், பாதி சோறு" என்றான் அவன். அவள் ஒத்துக்கொண்டாள். சாக்கு அசையாமல் நின்றது.

தை மாசக் கடைசியில் ஒரு விடியக்காலம். மச்சானும் மூர்த்தியும் மறுபடி சேர்ந்து போகிற முதல் நாள். காத்தவராயனின் கன்னம் நிரம்பி, வாயில் வெற்றிலை திரும்பி வந்திருந்தது. கேலியும் வந்திருந்தது. மரத்தைக் கட்டிக்கொண்டிருக்கும்போது சீனு வந்து நின்றான்.

"அண்ணாத்த, நான் வரட்டா?"

காத்தவராயன் மூர்த்தியைத் திரும்பிப் பார்க்கவில்லை. கயிற்றை இறுக்கிக்கொண்டே, "இரு. மரம் போய் வரட்டும்" என்றான்.

தள்ளினார்கள், ஏறினார்கள். மூர்த்தி பின்தலையில் முழங்கால் போட்டான். அலை உடைகிற இடம் வந்தது. வெள்ளையாய் எழுந்து நின்ற அலையைப் பார்த்து மச்சான் "ஹோய்" என்றான். துடுப்புகள் இரண்டும் ஒன்றாய் விழுந்தன. அணியம் எழுந்தது. பின்தலை அமுங்கவில்லை, பின்னாலேயே வந்தது. மரம் முழுசாக அலைமேல் ஏறி, ஒரு கணம் அங்கேயே நின்று, வழுக்கி இறங்கியது. இரண்டாவது அலையும் அப்படியே. மூன்றாவது அலைக்கு அப்புறம் தண்ணீர் பச்சையாகி அமைதியானது. முகத்தில் வெயில் விழுந்தது.

காத்தவராயன் கரைப் பக்கம் திரும்பினான். கரை மேட்டில் சீனு ஒரு புள்ளியாகத் தெரிந்தான். மச்சான் துடுப்பைத் தலைக்கு மேலே தூக்கி, குறுக்கே இரண்டு தரம் ஆட்டினான். இடம் இல்லை, போ என்று குப்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஜாடை அது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்ற புள்ளி, மெல்ல நகர்ந்து போனது.

மூர்த்தி துடுப்புப் போட்டான். கண்ணில் உப்புத் தண்ணீர் தெறித்திருந்தது, அது நல்லதாகப் போயிற்று.

கரை மறைகிற தூரம் வந்ததும் காத்தவராயன் இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தான். வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு, இன்னும் லேசாகச் சுட்டது. ஒடித்துப் பெரிய துண்டைப் பின்னால் நீட்டினான்.

"இந்தா மாப்ள. இன்னிக்கு வலை கனக்கும். துன்னு."

"வச்சலா கணக்குல இது இல்ல மச்சான்."

"அவ கணக்கு கரைல. துன்னுடா."

மூர்த்தி வாங்கித் தின்றான். கிழங்கில் மாவு மணந்தது. முன்னால் மச்சான் ஒரு பக்கப் பல்லால் மென்றுகொண்டு, எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு துடுப்புப் போட்டான்.